அத்தியாயம் 7: கதவில்லாத வீட்டுக்குள் மனவடுச் சிகிச்சை

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது. நான்கு மாதம் கழித்து, 2020 மார்ச் 24 இரவு, நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. இ-பாஸ் இல்லாமல் மாவட்டம் தாண்டக் கூடாது என்றானபோது, புதிதாகப் போட்ட அந்த எல்லைக்கோடு நோயாளிகள் மேல்தான் முதலில் விழுந்தது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு கோட்டுக்கு அந்தப் பக்கம். மேற்கே புளியரைச் சோதனைச்சாவடி தாண்டினால் கேரளம். அந்த வழியும் அடைபட்டது. கடையநல்லூர், ஆலங்குளம், சிவகிரி என்று பல ஊர்களிலிருந்து பஸ் ஏறிச் சிகிச்சைக்கு வந்து போனவர்கள் வீட்டோடு நின்றுபோனார்கள்.

அவர்களுடைய பழைய காயம் காத்திருக்கவில்லை. அதன்மேல் புதுக் காயங்களும் சேர்ந்தன. 2021 மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்காக அலைந்தவர்கள், உறையில் சுற்றிய உடலைத் தூரத்தில் நின்று பார்த்து அனுப்பியவர்கள், அடிக்கும் கணவனோடு ஒரே கூரைக்குள் அடைபட்டவர்கள் என்று பட்டியல் நீண்டது. சிகிச்சை அதிகம் தேவைப்பட்ட மாதங்களில் சிகிச்சை அறை பூட்டியிருந்தது.

இது மீண்டும் நடக்கலாம். பக்கத்து மாநிலத்தில் 2018-லிருந்து நிபா திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழை சாலைகளையும் தண்டவாளங்களையும் சேர்த்தே அறுத்துப் போட்டது. ஆகவே தொலைவிலிருந்து மனவடுச் சிகிச்சை தருவதை நெருக்கடி வந்தபின் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவைக்க முடியாது. முந்தைய அத்தியாயங்களில் நேரில் செய்யப் பழகிய அதே வேலையைப் போன் வழியாகவும் வீடியோ வழியாகவும் எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நேர்ச் சிகிச்சையில் அறை நம்முடையது. கதவு, நாற்காலி, ஒரு தம்ளர் தண்ணீர், யாரும் குறுக்கிடாத ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் நாம் கொடுத்தோம். போனில் பேசும்போது இவை அத்தனையையும் வருபவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவருடைய வீட்டில் பெரும்பாலும் தனியறை கிடையாது. போன் கணவனுடையது அல்லது மகனுடையது. எனவே தொலைவுச் சிகிச்சையின் முதல் வேலை அந்த அறையை அவரோடு சேர்ந்து கட்டுவது. நினைவைத் தொடும் வேலை அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் எவ்வளவு நல்ல சிகிச்சை முறையும் தீங்காக முடியும்.

தொலைவிலிருந்து செய்தால் பலிக்குமா?

பலிக்கும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு வீட்டிலேயே வீடியோ வழியாகத் தந்த எதிர்கொள்ளல் சிகிச்சை, நேரில் தந்ததற்குக் குறைவாக இல்லை என்று ஆய்வுகள் காட்டின. பிரிட்டனில் 196 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், ஆலோசகர் துணையோடு இணையத்தில் செய்த சிகிச்சை, நேருக்கு நேர் உட்கார்ந்து செய்ததற்கு ஈடாக நின்றது. ஆனால் அந்த ஆய்வு ஒற்றைச் சம்பவத்தால் வந்த, மிதமான பாதிப்புக்கானது. பல வருட அடி உதையில் ஊறிய மனவடுவுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

நம் பக்கத்து அனுபவங்கள் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், முகாமில் இருந்த 31 தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகளில் சிகிச்சை தந்தார்கள். தந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். ஒரு குழுவுக்குக் கதைவழி எதிர்கொள்ளல் சிகிச்சை. இன்னொரு குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டு குழுவுமே நன்றாகத் தேறின. ஆறு மாதம் கழித்தும் அந்தத் தேற்றம் நின்றது. அது நேரில் நடந்ததுதான் என்றாலும், நல்ல கட்டடமும் பெரிய நிபுணரும் இல்லாத இடத்திலும் இந்த வேலை நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் 2010 முதலே புதுக்கோட்டைக் கிராமங்களுக்குப் பஸ் ஒன்றை அனுப்பி, அதற்குள்ளிருந்த திரை வழியாகச் சென்னை மருத்துவரைப் பேசவைத்து, மருந்தையும் அங்கேயே கொடுத்தது.

தென்காசிக்காரர்கள் தங்கள் வாசலிலேயே பார்க்க வேண்டியது ஆய்க்குடியை. எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் வீடுகளுக்குக் களப்பணியாளர்களை அனுப்பி, செயலி ஒன்றின் வழியாக அவர்களை நிபுணர்களோடு இணைத்து வந்தது. ஊரடங்கில் பயிற்சிகள் போன் வழிக்கு மாறின. அது மனவடுச் சிகிச்சை இல்லை. உடல், வளர்ச்சி மறுவாழ்வு. ஆனாலும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அங்கே இருக்கிறது: போனில் வந்த குரல் ஏற்கெனவே அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய ஒருவருடையது. முன்பின் தெரியாத குரலிடம் யாரும் தன் மிக மோசமான நாளைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே முதல் அழைப்பை நீங்களாகச் செய்யாதீர்கள். கிராம சுகாதார செவிலியரோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரோ, உங்களை அறிமுகப்படுத்தி வைக்கட்டும். ‘இவங்க நமக்குத் தெரிஞ்சவங்க, பேசுங்க’ என்ற அந்த ஒரு வார்த்தை உங்கள் பட்டங்களைவிடப் பெரியது.

யாருக்கு இப்போது வேண்டாம்

மோசமான சம்பவம் நடந்து ஒரு மாதம்கூட ஆகாதவரிடம் நினைவைக் கிளறாதீர்கள். தூக்கம் கெடுவது, திடுக்கிடுவது, அதே காட்சி திரும்பத் திரும்ப வருவது எல்லாம் முதல் வாரங்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். பெரும்பாலோருக்குத் தானாகவே தணியும். நடந்ததை ஒரே அமர்வில் முழுக்கக் கொட்டவைக்கும் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அந்தக் காலத்தில் சோறு, தூக்கம், பணம், பக்கத்தில் ஓர் ஆள் என்பவைதான் சிகிச்சை.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். சுற்றி வளைத்துக் கேட்டால் பதிலும் சுற்றி வளைத்தே வரும். இருந்தால் நினைவு வேலையைத் தள்ளிவையுங்கள். வயல் வேலை பார்க்கும் வீடுகளில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அதைப் பக்கத்து வீட்டிலோ தோட்டத்திலோ பூட்டிவைக்க வீட்டார் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, 104-உம் இருக்கிறது. நீங்கள் தூங்கும் நேரத்தில் அவர் யாரை அழைப்பார் என்பது முதல் அமர்விலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

அடிக்கிறவன் அதே வீட்டில் இருக்கிறான் என்றால் அங்கே மனவடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பழைய அடியைப் பற்றிப் பேசவைத்து அவள் எச்சரிக்கை உணர்வைத் தளர்த்துவது ஆபத்து. 181 என்ற பெண்கள் உதவி எண், ஒருங்கிணைந்த சேவை மையம், அவளை ஏற்றுக்கொள்ளக்கூடிய உறவினர் வீடு, கையில் கொஞ்சம் பணம், ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் ஒரு பையில். இந்த வேலைகளை முடிக்காமல் நினைவு வேலைக்குப் போகக் கூடாது. டாஸ்மாக் திடீரென்று மூடும் நாள்களில் குடியை நிறுத்தியவருக்குக் கை நடுங்கி, ஆள் குழம்பி, வலிப்பு வந்தால் அது போனில் தீர்க்கும் விஷயமே இல்லை. 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அறையைக் கட்டுதல்

கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூடம், ஓர் அடுக்களை. மாமியார், இரண்டு பிள்ளைகள், ஊரடங்கால் வேலையில்லாமல் வீட்டோடு இருக்கும் கணவன். போன் அவன் கையில். இவளுக்கு வாரம் ஒரு மணி நேரம் எப்படிக் கிடைக்கும்?

அவளிடமே கேளுங்கள். வீட்டின் நேர ஓட்டம் அவளுக்குத்தான் தெரியும். மதியம் எல்லோரும் படுக்கும் நேரம், மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரம், புறவாசலில் பாத்திரம் விளக்கும் நேரம், மாட்டுத் தொழுவம், தோட்டத்துப் பம்பு ரூம், தம்பியின் ஆட்டோ நின்றுகொண்டிருக்கும் சந்து என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். எதுவுமே இல்லையென்றால் துணை சுகாதார நிலையத்தில் ஓர் அறையையும் போனையும் கேட்டு வாங்குங்கள். மாத்திரை வாங்கப் போகிறேன் என்று அவள் வரலாம். செவிலியர் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்காரலாம். ஒரு மணி நேரம் கிடைக்காவிட்டால் வாரத்தில் இரண்டு முறை அரை மணி நேரம். ஐம்பது நிமிட அமர்வு என்பது நம் வசதிக்காக வந்த வழக்கம். அதற்காக அவள் வீட்டை வளைக்க முடியாது.

நீங்களாக முதலில் அழைக்காதீர்கள். அவள் மிஸ்டு கால் கொடுத்தபின் நீங்கள் அழையுங்கள். வேறு யாராவது எடுத்தால் யார் பேசுவதாகச் சொல்ல வேண்டும் என்பதையும் அவளே சொல்லட்டும். மகளிர் குழுவில் இருந்து, ஆஸ்பத்திரியில் இருந்து, எது அந்த வீட்டில் எடுபடுமோ அது. நினைவூட்டல் மெசேஜ், வாட்ஸ்அப் குறிப்பு, பயிற்சித்தாள் எதையும் அவள் கேட்காமல் அனுப்பாதீர்கள். அழைப்புப் பட்டியலை அழிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுங்கள்.

ஒரு மறைச்சொல்லும் வேண்டும். யாராவது பக்கத்தில் வந்துவிட்டால் அவள் ‘ரேஷன்ல பாமாயில் போட்டாச்சா?’ என்று கேட்கட்டும். அதைக் கேட்டதும் நீங்கள் ரேஷன் பேச்சுக்கு மாறிவிட வேண்டும். ‘என்னம்மா, யாரும் வந்துட்டாங்களா?’ என்று உரக்கக் கேட்டால் ஸ்பீக்கரில் அது எல்லோருக்கும் கேட்கும். மறைச்சொல் அந்த வீட்டில் அன்றாடம் புழங்கும் பேச்சாக இருக்க வேண்டும். நாமாக யோசித்து வைக்கும் அழகான சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும், எத்தனை முறை பேசியிருந்தாலும், இந்தக் கேள்விகள்: ‘அக்கா, இப்ப எங்க இருந்து பேசுதீங்க? பக்கத்துல யாரும் இருக்காங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும். லைன் கட்டானா நான் திருப்பிக் கூப்பிடவா, நீங்க கூப்பிடுவீங்களா?’ அவர் இருக்கும் இடத்தின் முகவரியும், அவசரத்தில் ஓடிவரக்கூடிய ஒருவரின் எண்ணும், அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் பெயரும் உங்கள் குறிப்பேட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ நடைமுறை விதிகள், நோயாளி தானே அழைத்தால் சம்மதம் உள்ளதாகக் கொள்ளலாம், மற்றவர் தொடங்கினால் வெளிப்படையாகக் கேட்டுப் பதிய வேண்டும் என்கின்றன. அவை மருத்துவர்களுக்கானவை. ஆனாலும் ஆலோசகர்களும் இந்தக் கடுமையான பக்கத்தையே பின்பற்றலாம். வாய்வழிச் சம்மதத்தைத் தேதியோடு எழுதிவையுங்கள்.

முகம் தெரியாதபோது

மத்தளம்பாறையில் ஒரு மென்பொருள் நிறுவனம் உட்கார்ந்து உலகத்தோடு வேலை பார்க்கிறது. அதை வைத்து இந்த வட்டாரம் முழுக்க வீடியோ தடையில்லாமல் ஓடும் என்று நம்பிவிடக் கூடாது. மலையடிவாரத்தில் டவர் மறையும் ஊர்கள் உண்டு. சாரல் காற்றில் கரண்ட் போகும். பலரிடம் இருப்பது பட்டன் போன். எனவே வெறும் குரலை வைத்தே செய்யப் பழகுங்கள். வீடியோ கிடைத்தால் கூடுதல் வசதி.

குரலில் கேட்க வேண்டியவை வேறு. மூச்சு மேலேறுகிறதா, சொற்களுக்கு நடுவே இடைவெளி நீள்கிறதா, இதுவரை ஏற்ற இறக்கத்தோடு பேசியவர் திடீரென்று யாருடைய கதையையோ வாசிப்பதுபோல் தட்டையாகப் பேசுகிறாரா? கடைசியில் சொன்னதுதான் மிக முக்கியம். அவர் நிகழ்காலத்தை விட்டு நழுவுகிறார் என்பதற்கு அது அடையாளம். நேரில் என்றால் கண் நிலைகுத்துவதைப் பார்த்திருப்போம். மௌனத்தையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாதபோது போனை விரலால் ஒரு முறை தட்டினால் ‘இருக்கேன்’, இரண்டு முறை தட்டினால் ‘நிறுத்துங்க’ என்று ஏற்பாடு செய்யலாம். நீங்களும் சும்மா இருக்கக் கூடாது. நேரில் தலையசைத்தால் போதும். போனில் ‘ம்’, ‘கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்’ என்று சத்தம் கொடுக்காவிட்டால் லைன் போய்விட்டதாகவோ நாம் அருவருப்பதாகவோ அவர் நினைப்பார்.

இன்றைக்கு இங்கே திரும்புதல்

நினைவு இழுத்துக்கொண்டு போகும்போது அவரை இன்றைக்குத் திருப்பிக் கொண்டுவரும் பயிற்சிகள், தொலைவுச் சிகிச்சையில் இரட்டிப்பு முக்கியம். நாம் எழுந்து போய்த் தண்ணீர் கொடுக்க முடியாது. ஆகவே இதற்கு முதல் இரண்டு மூன்று அமர்வுகளை முழுதாகவே ஒதுக்குங்கள்.

புத்தகங்கள் மூச்சிலிருந்து தொடங்கச் சொல்லும். கோவிட்டில் மூச்சுத் திணறி மீண்டவருக்கும், திணறியவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்கும் மூச்சைக் கவனிப்பதே அந்த நாளுக்குள் தள்ளிவிடலாம். அவர்களுக்குப் பாதத்திலிருந்து தொடங்குங்கள். சிமெண்ட் தரையின் குளிர்ச்சி, சுவரில் சாய்ந்த முதுகு, கையில் பிடித்த சில்வர் தம்ளர். வாசனை எல்லாவற்றையும்விட வேகமாக வேலை செய்யும். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. தோலை நகத்தால் கீறி முகரச் சொல்லுங்கள். பிறகு தேதி, கிழமை, சின்னவன் இப்போது எத்தனையாவது படிக்கிறான் என்பது. சம்பவம் நடந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தவன் இப்போது நான்காம் வகுப்பு என்று அவர் வாயால் சொல்வதிலேயே அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில்தான் சிகிச்சை நடக்கும்.

மனத்துக்குப் பாதுகாப்பான ஓர் இடத்தைக் கற்பனை செய்யச் சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் குற்றால அருவியைச் சொல்வார்கள். நமக்கும் அது சுலபமாக வாயில் வரும்: கண்ணை மூடுங்க, ஐந்தருவியில் நிக்கீங்க, தலையில் தண்ணி விழுது. கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். 2020-லும் 2021-லும் சாரல் காலம் முழுக்கக் குளிக்கத் தடை. லாட்ஜ் வைத்திருந்தவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள், மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்றவர்கள் எல்லோருக்கும் வருஷத்தின் சம்பாத்தியமே அந்தச் சில மாதங்கள்தான். வெறிச்சோடிய அருவிக்கரை அவர்கள் கடன் ஏறிய காலத்தின் படம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்தான். அன்று அங்கே சிதறி ஓடியவர்களுக்கு அருவிச் சத்தமே அபாயச் சத்தமாகியிருக்கலாம். கண்ணை மூடுவதும் எல்லோருக்கும் ஒத்துவராது. அடி வாங்கியவர்கள் கண்ணை மூட அஞ்சுவார்கள். திறந்த கண்ணோடு, அவரே தேர்ந்த இடமாக இருக்கட்டும். அது பாட்டி வீட்டு அடுக்களையாக இருந்தாலும் சரி.

பொட்டல்புதூர் தர்காவுக்குப் போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்வது, கோயிலில் விபூதி போட்டுக்கொள்வது இங்கே மதம் பார்க்காமல் நடக்கும் ஆறுதல். ஊரடங்கு அந்த வாசல்களையும் அடைத்தது. ஒருவர் கையில் ஏற்கெனவே கயிறு இருந்தால் அதைத் தொட்டுப் பார்ப்பதே நல்ல பயிற்சி. அதை அவிழ்க்கச் சொல்லும் ஆலோசகரை நான் ஏற்கமாட்டேன்.

நினைவைத் தொடுதல்

நினைவு வேலைக்குப் பல முறைகள் உண்டு. தொலைவுக்கும் தனிமையில்லாத வீட்டுக்கும் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுவது கதைவழி எதிர்கொள்ளல் சிகிச்சையின் வாழ்க்கைக்கோடு. தரையில் ஒரு கயிற்றை நீட்டி, பிறந்ததிலிருந்து இன்றுவரை வரிசையாக, நல்ல நிகழ்வுக்குப் பூவும் கொடிய நிகழ்வுக்குக் கல்லும் வைப்பார்கள். நம் பெண்ணின் வீட்டில் பீடி கட்டும் நூல் இருக்கிறது. முற்றத்தில் கல், செடியில் பூ. அவள் அங்கே வைக்க வைக்க, இங்கே நீங்கள் ஒரு தாளில் குறித்துக்கொள்கிறீர்கள். ‘இந்தக் கல்லு பெரிசா, சின்னதா? இதுக்கு முன்னால என்ன வச்சீங்க?’ யாராவது உள்ளே வந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது நூலும் கல்லும்தான். எழுதிவைத்த பக்கத்தைப்போல அது அவளைக் காட்டிக்கொடுக்காது. அடுத்த அமர்வுகளில் பெரிய கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, என்ன பார்த்தாள், என்ன கேட்டாள், உடம்பில் என்ன நடந்தது, என்ன நினைத்தாள் என்று மெதுவாக, தொடக்கத்திலிருந்து முடிவு வரை கடக்க வேண்டும். கல்லின் நடுவில் அமர்வை முடிக்கக் கூடாது. நேரம் போதாது என்று தோன்றினால் அன்று தொடங்கவே வேண்டாம்.

நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சையில் அமர்வைப் பதிவுசெய்து வீட்டில் தினமும் கேட்கச் சொல்வது வழக்கம். வீட்டார் எல்லோரும் எடுக்கும் போனில் இதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக அமர்வுகளை நெருக்கமாக வையுங்கள். கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர் சிகிச்சை பயின்றவர்கள், 1997-ல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் புயல் தாக்கியபின் அங்கே உருவான வண்ணத்துப்பூச்சி அணைப்பைப் பயன்படுத்தலாம். இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து மாறி மாறித் தோளைத் தட்டுவது. கருவி எதுவும் வேண்டாம்.

பெருந்தொற்றில் ஆளை இழந்தவர்களின் நினைவில் கெட்டியாக உறைந்து நிற்பது பெரும்பாலும் ஒரு வாக்கியம். ‘நான் கூடப் போயிருந்தா காப்பாத்தியிருப்பேன்.’ ‘கடைசில தனியா விட்டுட்டேன்.’ அதை மறுத்துப் பேசாதீர்கள். ‘அப்படி நினைக்கக் கூடாது’ என்பது சிகிச்சை இல்லை. அந்தக் கணத்துக்குப் போய், அன்று அவருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க வழியே இல்லை என்று இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். வார்டுக்குள் யாரையும் விடவில்லை என்பது அரசின் விதி. அவருடைய தேர்வு இல்லை. முடிந்தால் அன்று பணியில் இருந்த செவிலியர் ஒருவரோடு, உரிய அனுமதி பெற்று, ஐந்து நிமிடம் பேசவையுங்கள். கடைசியில் தண்ணீர் கேட்டாரா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்ற விவரம் கிடைத்தபின் அந்த நினைவில் புதிதாக ஒரு வரி சேர்கிறது. மறுபடி அந்தக் கணத்தைச் சொல்லும்போது அந்த வரியையும் சேர்த்துச் சொல்லவையுங்கள்.

சடங்கு தனி விஷயம். அதை நான் சிகிச்சைக்கு வெளியே நிறுத்தமாட்டேன். குளிப்பாட்டாமல், முகம் பார்க்காமல், வாய்க்கரிசி போடாமல், ஜனாஸா தொழுகைக்கு ஆள் சேராமல், கல்லறையில் நான்கு பேர் மட்டும் நின்று அனுப்பிய மரணங்கள் அவை. ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுக்கும் வழக்கமும் அந்த வருஷங்களில் தடைப்பட்டது. விட்டுப்போனதைப் பிறகு செய்யலாமா என்று குடும்பத்தாரையும், அவர்கள் மதிக்கும் பூசாரி, ஆலிம், பாதிரியாரையும் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு வழி சொல்வார்கள். மகன் வளைகுடாவில் இருந்தால் வீடியோவில் சேரட்டும். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது. அங்கே உள்ளவர்கள் பயன்படுத்தும் செயலியை முன்கூட்டியே இறக்கிச் சோதித்து வையுங்கள். சடங்கின் நடுவில் லைன் தேடிக்கொண்டிருப்பது இன்னொரு காயம்.

பயந்த இடத்துக்கு மறுபடி போய்ப் பார்க்கும் வேலையை நோய் பரவும் காலத்தில் அப்படியே செய்ய முடியாது. கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது அப்போது நோயின் அறிகுறி இல்லை, புத்திசாலித்தனம். எது உண்மையான எச்சரிக்கை, எது பழைய பயம் என்று பிரித்து, இரண்டாவதை மட்டும் எடுங்கள். ஆஸ்பத்திரி வாசலின் படம், 108 வண்டியின் சத்தம், இறந்தவரின் சட்டை என்று வீட்டுக்குள்ளேயே படிப்படியாகத் தொடங்கலாம்.

போனை வைத்த பிறகு

நேர்ச் சிகிச்சைக்கு வந்தவருக்கு அழுது முடித்தபின் ஒரு பஸ் பயணம் இருந்தது. ஜன்னல் காற்று, கண்டக்டரின் விசில், பாவூர்சத்திரம் மார்க்கெட்டின் காய்கறிக் குவியல் எல்லாமாகச் சேர்ந்து அவரை மெல்ல வீட்டு ஆளாக்கி இறக்கிவிட்டன. நாம் அதைச் சிகிச்சையின் பாகமாக எண்ணியதே இல்லை. போனில் அது இல்லை. மிகக் கொடிய நிமிடத்தைச் சொல்லி முடித்த அடுத்த நொடி ‘அம்மா, பசிக்கு’ என்று பிள்ளை நிற்கும்.

அந்தப் பயணத்துக்கு ஈடாக ஒன்றைத் திட்டமிட்டே தர வேண்டும். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நினைவைத் தொடாதீர்கள். இன்றைக்கு என்ன சமையல், யார் எப்போது வருவார்கள், ராத்திரி தூக்கத்துக்கு என்ன செய்யப்போகிறார் என்று பேச்சை இறக்குங்கள். வைத்தபின் முகம் கழுவுவது, தெருமுனை வரை நடப்பது, ஒரு டீயை உட்கார்ந்து குடிப்பது என்று பத்து நிமிட வேலை ஒன்றை அவரே தேர்ந்து, ‘இப்ப வாசல் தெளிக்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டு வைக்கட்டும். நினைவு வேலை செய்த நாளில் மாலையில் ஒரு சின்ன அழைப்பு, அல்லது அவர் தரும் ஒரு மிஸ்டு கால், பரவாயில்லை என்பதற்கு அடையாளம். அது வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதும் முன்பே பேசியிருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் போனில் நேரடியாகக் கேள்வி கேட்டுப் பயனில்லை. படம் வரையச் சொல்லி அதைப் பற்றிக் கேளுங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவரே பயத்துக்குக் காரணமோ என்ற சந்தேகம் இருந்தால் வேலையை நிறுத்தி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அணுகுங்கள்.

உங்கள் வீடும் ஒரு வீடுதான். உங்கள் அழைப்பையும் யாரும் கேட்கக் கூடாது, ஹெட்போன் கட்டாயம். படுக்கும் கட்டிலில் உட்கார்ந்து இந்தக் கதைகளைக் கேட்காதீர்கள். ஒரு நாளில் நினைவு அமர்வுகள் மூன்றுக்கு மேல் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மூத்த ஆலோசகர் ஒருவரோடு வாரம் ஒரு முறை பேசும் நேரத்தை, நோயாளிக்குக் கொடுத்த நேரத்தைப்போலவே தள்ளிப்போடாமல் காப்பாற்றுங்கள்.

பாதை திறந்து பஸ் ஓடத் தொடங்கியதும் எல்லோரையும் உடனே அறைக்கு வரவழைத்துவிட வேண்டாம். சிலருக்கு முகம் தெரியாமல் பேசியதால்தான் பேசவே முடிந்தது. பஸ் செலவும் அரை நாள் கூலியும் மிச்சம் என்பது இன்னும் சிலருக்கு. யாருக்கு எது என்று அவர்களையே கேளுங்கள். நேரில் வர விரும்புபவரிடம் முதல் நாள் நினைவு வேலை எதுவும் செய்யாமல், குரலுக்கும் முகத்துக்கும் பழக நேரம் கொடுங்கள். வேறு ஆலோசகரிடம் மாற்றிவிடுவதாக இருந்தால், மறைச்சொல், அழைக்கத் தோதான நேரம், வேறு யாராவது போனை எடுத்தால் சொல்ல வேண்டிய பெயர், எந்தக் கல் வரை கடந்திருக்கிறார் என்ற விவரம் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள். அதைச் சிகிச்சைக்கு வருபவர் சம்மதித்த பிறகே கொடுங்கள். முதல் அழைப்பில் மூன்று பேரும் சேர்ந்து பேசுங்கள்.